பிழை பொறுத்தலும் பிழை திருத்தலும்

ஆசிரியத் தொழிலை மேற்கொண்டோர்க்குப் பிழை என்பது நாளாந்தம் கையாளும் பண்டமாகும். காலையிற் சிவப்பு மையோடு தொடங்கும் எம் வேலை மாலையிலும் அதே சிவப்பு மையோடுதான் முடிகின்றது. பிழை கண்டு பிழை திருத்தியே வாழ்நாளின் பாதியைக் கழித்த தமிழாசிரியன் ஒருவன், நிருவாகம் நடத்துவோர்க்குப் பிழையைப் பற்றிச் சில கூற முற்படுதல் மிகையாகாதென நம்புகின்றேன். நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று வங்கிகளிலும், அரச திணைக்களங்களிலும், வைத்தியசாலைகளிலும், தொழிற்சாலைகளிலும், கடல் கடந்த நாடுகளிலும் பலரை வேலைகொள்ளும் பொறுப்பில் அமர்ந்திருக்கின்றனர். தம் கீழ்ப் பணிபுரிவோர் பிழை செய்யுமிடத்து யாது செய்தல் வேண்டும் என்னும் வினா அவர்க்கு நாடோறும் எழுவதே. அவ்வினாவை என் உள்ளத்தில் ஆழ ஊன்றியது ஒரு மலை. அம்மலையடியில் ஒரு மாணவன் கேட்ட கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எம் வகுப்பு மாணவரைச் சீகிரியாவுக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றேன். மாத்தளை மாவட்டத்திலே, தம்புள்ளைக்கு அப்பால், காட்டின் நடுவே ஏறத்தாழ 180 மீற்றர் உயரத்துக்குத் தனித்து நிமிர்ந்து நிற்கின்றது அக்கற்பாறை. நீர்த்தடாகங்கள் அமைந்த பூங்காவைக் கடந்து, ஓவியக் குகையைக் கண்டு, கண்ணாடிச் சுவரைத் தொடர்ந்து ஏறினால், பெருஞ் சிங்கத்தின் பாதங்கள் இரண்டு எதிர்ப்படும். அங்கே களைப்பாறிய பொழுது, காசியப்பன் கதையை மாணவருக்குச் சொல்லலானேன்.

சூளவம்சம் கூறும் வரலாறு இது. கலாவாவியைக் கட்டுவித்த பேரரசன் தாதுசேனன் தன் மகளைத் தன் சகோதரியின் மகனும் படைத்தலைவனுமாகிய மிகாரனுக்கு மணஞ்செய்து கொடுத்திருந்தான். மிகாரன் குற்றமற்ற தன் மனைவியைச் சவுக்கால் அடித்தான். அதனையறிந்த அரசன் அடங்காச் சினங்கொண்டு, மிகாரனின் தாயைத் தீயிலிட்டுக் கொல்வித்தான். அடித்தவன் மகன், எரிந்தவள் தாய். அன்று முதல் மிகாரன் அரசனுக்கு உட்பகையானான். காசியப்பனைத் தூண்டித் தந்தையைச் சிறைப்படுத்தச் செய்தான், தாதுசேனன் கொலையுண்டான். பட்டத்துக்குரிய முகலன் பாரத நாட்டுக்குத் தப்பியோடினான். கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன், அநுராதபுரத்தை விட்டு இம்மலையுச்சியில் அரண்மனை அமைத்து வாழ்ந்தான். இறுதியில் முகலன் படையோடு திரும்பி வந்தான். போர்க்களத்திலே காசியப்பன் தன் முன்னே சதுப்பு நிலம் இருக்கக் கண்டு, வேறு வழியாற் செல்லக் கருதித் தன் யானையைத் திருப்பினான். பின்னின்ற படையினர் அரசன் புறங்காட்டுகின்றான் என எண்ணிச் சிதறியோடினர். தனித்து விடப்பட்ட காசியப்பன் தன் உடைவாளால் தன்னையே மாய்த்துக் கொண்டான்.

கதையை முடித்ததும் பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன், "ஐயா, யானை ஏன் திரும்புகின்றது என்று பக்கத்தில் நின்ற ஒருவராவது அரசனைக் கேட்டிருக்கக் கூடாதா?" என்றான்.

மாணவர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டிருந்தால் அப்போரின் முடிவு மாறியிருக்குமோ என்பதை நாம் அறியோம். ஆயினும் அரசன் தன் கருத்தைச் சொல்லாமையும், படை அதனைக் கேளாமையும் சேர்ந்தே அந்த யானையின் திரும்புதலைப் பேரழிவாக்கின என்பது தெளிவு. தாதுசேனன் கதையோ அதனினும் கொடிய பாடத்தைத் தருகின்றது. தண்டிக்கத்தக்க குற்றம் ஒன்று உண்மையாகவே நிகழ்ந்திருந்தது. ஆனால் அரசன் விசாரணையைச் சினத்திடம் ஒப்படைத்தான். தண்டனை குற்றவாளியை விட்டுப் பிறர் மேற் பாய்ந்தது; திருந்த வேண்டியவன் பகைவனானான். பேச்சின்மையும் சினமும் ஆகிய இவ்விரண்டும் நம் காலத்துக் கந்தோர்களிலும் பாடசாலைகளிலும் ஒழிந்துவிட்டன என்று கூறுதற்கில்லை.

இதனைப் பிறர் மேல் வைத்துப் பேசுதல் முறையன்று. ஆகலின், நானே இழைத்த பிழை ஒன்றை ஈண்டு எழுதுகின்றேன். நான் முன்பு கற்பித்த ஒரு பாடசாலையில் நடுப்பிரிவின் பரீட்சைப் புள்ளிப் பட்டியல்களைச் சரிபார்க்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருந்தது. கலாசாலைப் பயிற்சி முடித்துப் புதிதாக வந்த இளம் ஆசிரியை ஒருவர் தம் பட்டியலில் மூன்று கூட்டற் பிழைகளை விட்டிருந்தார். ஆசிரியர் ஓய்வறையிலே, பலர் முன்னிலையில், "மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் இதைச் சரியாகக் கூட்டுமே" என்று கூறிப் பட்டியலை மேசையில் எறிந்தேன். அவர் ஒன்றும் பேசாது அதனை எடுத்துச் சென்று திருத்திக் கொண்டு வந்தார். கடமையைச் செவ்வனே செய்தேன் என்ற நிறைவோடு நான் வீடு சென்றேன்.

அடுத்த தவணையில் அவர் புள்ளிகளைத் தேர்ச்சி அறிக்கையிற் பதியும் பொழுது ஒரு வரி தவறிவிட்டது. ஒருவனுடைய கணிதப் புள்ளி அவனுக்கு மேலுள்ளவனுக்கும், மேலுள்ளவனுடையது அவனுக்கும் சென்றுவிட்டன. அறிக்கைகள் வீடுகளுக்குப் போன இரண்டாம் நாளே அவர் அதனைக் கண்டுகொண்டார். ஆனால் என்னிடம் வந்து சொல்லவில்லை. எழுபத்தெட்டுப் புள்ளி பெற்ற பிள்ளையின் அறிக்கையில் இருபத்தாறு என்றிருந்தது. தந்தையார் அவனை அடித்ததோடு, படிப்பை நிறுத்திக் கடைக்கு வேலைக்கு அனுப்பப் போவதாகவும் கூறிவிட்டார். பிள்ளை பத்து நாள் பாடசாலைக்கு வரவில்லை. தாயார் வந்து அழுத பின்னரே விடைத்தாளை எடுத்துப் பார்த்தோம். "ஏன் உடனே சொல்லவில்லை?" என்று கேட்டேன். "சேர், போன முறை நடந்தது நினைவுக்கு வந்தது. பயமாக இருந்தது" என்றார் அந்த ஆசிரியை.

அப்பிள்ளையின் முதுகில் விழுந்த அடிகளில் என் பங்கு எவ்வளவு என்பதை அன்று அறிந்தேன். அவர் வரி தவறியது கைப்பிழை. அவரை ஊமையாக்கியது என் பிழை. கைப்பிழையை இரண்டு நாளில் திருத்தியிருக்கலாம். என் பிழையே அதனைப் பத்து நாள் வளரவிட்டது.

இனி, இதன் காரணத்தைச் சற்று ஆராய்வோம். பிழை செய்தாரைக் கடிந்தால் பிழை குறையும் என்பது பொதுவான எண்ணம். உண்மையிற் குறைவது பிழையன்று. பிழை பற்றிய செய்தியே குறைகின்றது. அமெரிக்காவில் ஏமி எட்மண்ட்சன் என்னும் ஆராய்ச்சியாளர் மருத்துவமனைகளிலே மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சி 1996ஆம் ஆண்டில் வெளிவந்தது. நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள தாதியர் குழுக்களில் தவறுகள் குறைவாயிருக்கும் என எதிர்பார்த்தார். கணக்கெடுத்த பொழுது அக்குழுக்களிலேயே தவறுகள் மிகுதியாகக் காணப்பட்டன. வியப்புற்று மேலும் ஆராய்ந்த பின்னரே உண்மை புலப்பட்டது: அக்குழுக்களில் உள்ளோர் கூடுதலாகத் தவறு செய்யவில்லை, தவறுகளை அஞ்சாது வெளியிட்டனர். மற்றைக் குழுக்களில் தவறுகள் மறைக்கப்பட்டன. எனவே, "என் கந்தோரில் ஒரு பிழையும் இல்லை" என்று பெருமை பேசும் முகாமையாளர், அங்குப் பிழையில்லையா, பிழையைச் சொல்வாரில்லையா என ஒருமுறை தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளுதல் நன்று.

மறைக்கப்பட்ட செய்தி எத்துணைக் கேடு விளைக்கும் என்பதற்கு ஆகாய விமானத் துறையே சான்று பகரும். 1974ஆம் ஆண்டு திசெம்பர் 1ஆம் திகதி, ரி.டபிள்யூ.ஏ. கம்பனியின் பயணிகள் விமானம் ஒன்று வாசிங்டன் நகருக்கு அண்மையில் மலையொன்றில் மோதி 92 பேர் மாண்டனர். தரையிறங்க அனுமதித்த சொற்களை விமானிகள் ஒருவாறும், தரையில் இருந்தோர் வேறொருவாறும் பொருள்கொண்டமை அதற்குக் காரணங்களில் ஒன்று. விசாரணையில் வெளிப்பட்ட மற்றொரு செய்தி யாவரையும் திடுக்கிடச் செய்தது. அதற்கு ஆறு வாரங்களுக்கு முன்னர், வேறொரு கம்பனியின் விமானமும் அதே இடத்தில் அதே வகையிலே தாழப் பறந்து, மலையில் மோதாது தப்பியிருந்தது. அவ்விமானிகள் அதனைத் தம் கம்பனிக்கு அறிவித்தனர். கம்பனியும் தன் விமானிகளை எச்சரித்தது. பிற கம்பனிகளுக்கு அச்செய்தி எட்டவில்லை.

இதன் பின் 1976இல் அமெரிக்காவில் ஒரு புதிய ஒழுங்கு ஏற்பட்டது. விமானிகளும் பிறரும் தாம் செய்த தவறுகளையும் கண்ட இடர்களையும் நாசா நிறுவனத்துக்கு எழுதி அறிவிக்கலாம். தண்டிக்கும் அதிகாரமுடைய திணைக்களத்துக்கன்றி, தண்டிக்கும் அதிகாரமில்லாத நிறுவனத்துக்கு அறிவிக்கும்படி அமைத்ததே இதன் நுட்பம். எழுதியவரின் பெயர் நீக்கப்பட்டு, படிப்பினை மட்டும் எல்லோர்க்கும் வெளியிடப்படுகின்றது. வேண்டுமென்றே செய்யாத தவறைப் பத்து நாட்களுக்குள் அறிவித்தவர்க்குத் தண்டனையில் விலக்குண்டு. குற்றச் செயலுக்கோ அவ்விலக்கு இல்லை.

இவ்விடத்திற் சிலர், "அப்படியாயின் எவரையும் எதற்கும் தண்டிக்கலாகாதோ?" என வினவுவர். வினா நியாயமானதே. பிழை எல்லாம் ஓரினத்தன அல்ல. செய்ய எண்ணியது சரியாயிருந்தும் கை தவறுதல் ஒன்று. செய்ய வேண்டியதை மறத்தல் ஒன்று. அறியாமையாலோ தவறாகக் கணித்தோ பிழையான வழியைத் தெரிதல் ஒன்று. விதியை அறிந்தும் வேண்டுமென்றே மீறுதல் ஒன்று. முதலிரண்டுக்கும் வேண்டுவது வேலையொழுங்கின் திருத்தம். மூன்றாவதற்கு வேண்டுவது பயிற்சி. நான்காவதற்கே தண்டனை உரியது. அங்கும், முன்னவர் எல்லோரும் அவ்விதியை மீறியே வேலை செய்து வந்தனரா என்பதை முதலில் விசாரித்தல் வேண்டும். 1967ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்திற் சீகிரியா ஓவியங்களின் மேற் பச்சை வர்ணத்தைப் பூசிச் சிதைத்தவர் செய்தது பிழையன்று, கொடுஞ்செயல். இத்தாலிய நிபுணர் லூசியானோ மரன்சி வந்து அரும்பாடுபட்டு அவ்வோவியங்களை மீட்டார். அத்தகைய செயலைப் பொறுப்பார் எவருமிலர். ஆனால் அவ்வோவியத்தைத் துப்புரவு செய்யும் ஊழியன் ஒருவனின் கை நடுங்கிச் சிறு கீறல் விழுமாயின், அதனையும் இதனையும் ஒரே தராசில் வைத்து நிறுத்தல் அறமாகுமோ? வள்ளுவர் வெருவந்த செய்யாமையைத் தனி அதிகாரமாக வகுத்ததும், அதனைச் செங்கோன்மைக்கும் கொடுங்கோன்மைக்கும் பின்னே வைத்ததும் சிந்திக்கற்பாலன.

பிழையைப் படிப்பினையாக்கிய தலைமைக்கு நம் தமிழுலகம் நன்கறிந்த சான்று ஒன்றுண்டு. இராமேசுவரத்திற் பிறந்த அப்துல் கலாம் இந்தியாவின் முதலாவது செயற்கைக்கோள் ஏவுகலமாகிய எஸ்.எல்.வி.-3 திட்டத்தின் இயக்குநராயிருந்தார். 1979ஆம் ஆண்டு ஓகத்து 10ஆம் திகதி சிறீகரிகோட்டாவிலிருந்து அது முதன்முறையாக ஏவப்பட்டது. இறுதிக் கணங்களிற் கணினி ஏவலை நிறுத்தும்படி காட்டியதாகவும், நிபுணர் கூறியதைக் கேட்டுத் தாமே அதனைக் கடந்து ஏவ முடிவு செய்ததாகவும் கலாம் பிற்காலத்தில் வெளிப்படையாகக் கூறியுள்ளார். முதற்கட்டம் ஒழுங்காக இயங்கியது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு முறை பழுதுபட்டது. பல்லாண்டு உழைப்பு வங்காள விரிகுடாவில் வீழ்ந்தது.

அன்று பத்திரிகையாளரைச் சந்திக்க வேண்டியிருந்தது. விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் சதீசு தவான் கலாமைத் தம்மருகில் இருத்திக் கொண்டு, தாமே பேசினார். தோல்வியின் பொறுப்பைத் தாம் ஏற்றார். தம் குழுவினர் மேல் நம்பிக்கை தெரிவித்தார். பின்னர்ப் பழுதின் காரணம் நுணுக்கமாக ஆராயப்பட்டது; அமிலம் கசிவதற்கு இடந்தந்த வாயிலொன்றே பழுதின் மூலம் எனக் கண்டனர். அடுத்த ஏவலையும் அதே கலாமிடமே ஒப்படைத்தனர். 1980ஆம் ஆண்டு யூலை 18ஆம் திகதி எஸ்.எல்.வி.-3 உரோகிணி செயற்கைக்கோளை விண்ணிற் சேர்த்தது. அன்று பத்திரிகையாளர் முன் பேசும்படி தவான் கலாமையே அனுப்பினார். தோல்வி வந்த நாளில் தலைவர் முன்னே நின்றார். வெற்றி வந்த நாளிற் பின்னே நின்றார். 2002இல் இந்தியக் குடியரசுத் தலைவரான பின்பும் கலாம் இந்நிகழ்ச்சியைப் பல மேடைகளில் எடுத்துரைத்து வந்தார்.

இங்கு ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். தவான் பிழையைப் பொறுத்ததோடு அமைந்துவிடவில்லை. பொறுத்தல் மட்டும் போதுமாயின் அந்த வாயில் மறுமுறையும் கசிந்திருக்கும். பிழையைக் காணாததுபோல் விடும் தலைவர் இரக்கமுடையவர் போலத் தோன்றினும், தம் ஊழியர்க்கு எதனையும் கற்பிப்பவரல்லர். ஆளைப் பொறுத்தலும், பிழையை விடாது துருவுதலும் ஒருங்கே நிகழ வேண்டும்.

அதனை நடைமுறையில் எவ்வாறு கைக்கொள்வது? நான் கற்றவற்றையும் என் சிறு அநுபவத்தையும் கொண்டு சில கூறுவேன்.

முதலாவது, கேட்டைத் தடுத்தல். பிழையால் எவர்க்கேனும் தீங்கு நேருமாயின் அதனை நீக்குவதே முதற் கடமை. எவர் செய்தார் என்பதைப் பின்னர்ப் பார்த்துக் கொள்ளலாம்.

இரண்டாவது, வினாவை மாற்றுதல். "யார் செய்தது?" என்று கேட்டால் ஒரு பெயர் கிடைக்கும், "எப்படி நிகழ்ந்தது?" என்று கேட்டால் ஒரு காரணம் கிடைக்கும். யப்பானிய ரொயோற்றா தொழிற்சாலையில் "ஏன்?" என்பதை ஐந்து முறை அடுக்கிக் கேட்கும் வழக்கமுண்டு. வேலைத்தொடரிற் பழுது கண்ட சாதாரண தொழிலாளியும் கயிற்றை இழுத்து மேலாளரை அழைக்கலாம். உரிய நேரத்துள் பழுது தீராவிடின் வேலைத்தொடரே நின்றுவிடும். கயிற்றை இழுத்தமைக்காக அவனை எவரும் வைவதில்லை.

மூன்றாவது, தனிமையிற் பேசுதல். பலர் முன் கடிந்துரைத்தால் கேட்போர் அனைவரும் ஒரு பாடத்தைக் கற்கின்றனர். அது மறைக்கும் பாடம்.

நான்காவது, வேலையொழுங்கைத் திருத்துதல். எம் பாடசாலையிற் பின்னர் இருவர் சேர்ந்திருந்து, ஒருவர் விடைத்தாளிலுள்ள பெயரையும் புள்ளியையும் உரக்க வாசிக்க மற்றவர் அறிக்கையில் விரல் வைத்துச் சரிபார்க்கும் முறையை ஏற்படுத்தினோம். ஐந்து வரிக்கு ஒருமுறை தடித்த கோடும் இட்டோம். "கவனமாயிருங்கள்" என்று நூறு முறை சொல்வதிலும் ஒரு தடித்த கோடு பயன் மிக்கதெனக் கண்டேன்.

ஐந்தாவது, பெயரை நீக்கிப் படிப்பினையைப் பரப்புதல். ஒரு மேசையில் நேர்ந்த பிழை நாளை அடுத்த மேசையிலும் நேரலாம்.

ஆறாவது, தலைவர் தம் பிழையை முதலிற் கூறுதல். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கோவலனை விசாரியாது கொல்வித்தவன், பெரும்பிழை செய்தவன். எனினும் கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டிய கணமே, அவையோர் முன்னிலையில் தன் பிழையைத் தானே ஏற்றான். அதனாலன்றோ இன்றும் அவனை இகழாது இரங்கி நினைக்கின்றோம். உயிர் கொடுக்க வேண்டிய நிலை நமக்கில்லை. "நான் அன்று தவறு செய்தேன்" என்னும் சில சொற்களே போதும்.

நான் அச்சொற்களைச் சொன்னேன். எங்கே எறிந்தேனோ அதே ஓய்வறையில், அதே ஆசிரியர்கள் முன்னிலையில், அந்த இளம் ஆசிரியையிடம் மன்னிப்புக் கேட்டேன். பின்னர் அப்பிள்ளையின் வீட்டுக்கு அவரும் நானும் சென்றோம். தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. பின் மகனை அழைத்துத் தம் மடியில் இருத்திக் கொண்டார். மறுநாட் பிள்ளை பாடசாலைக்கு வந்தான். அடுத்த தவணைப் பட்டியல் வேலையை அந்த ஆசிரியையிடமே ஒப்படைத்தேன். இரண்டாம் நாள் அவர் என் மேசைக்கு வந்து, "சேர், ஒரு பிழை விட்டிருக்கிறேன், பாருங்கோ" என்றார். என் ஆசிரிய வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மரியாதைகளுள் அதனை உயர்ந்ததாகக் கருதுகின்றேன்.

பழைய மாணவராகிய அன்பர்களே, உங்கள் கதவைத் தட்டி ஒருவர் தம் பிழையைச் சொல்ல வரும் பொழுது, அவர் அச்சத்தைக் கடந்து உங்களை நம்பி வருகின்றார் என்பதை மறவாதீர். நீங்கள் அப்போது கூறும் முதற்சொல்லைப் பொறுத்தே அவர் மறுமுறை வருவதும் வராமையும் அமையும். சீகிரியாவின் அடிவாரத்தில் அம்மாணவன் கேட்ட கேள்வியை உங்கள் கந்தோரில் எவரும் அஞ்சாது கேட்கக்கூடிய நிலையை உண்டாக்குவீர்களாக. நம் கல்லூரி அன்னை நீடு வாழ்க!